பயத்தில் பழகிய மூக்கு

என் அம்மாவின் மூக்கு கூர்மையானது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து அப்பா வாசற்படி ஏறும்போதே, குடித்தது பிராந்தியா ரம்மா, குவார்ட்டரா அதற்கு மேலா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எங்களைப் பக்கத்து வீட்டில் படுக்க அனுப்புவதா வேண்டாமா என்பதை அந்த வாசத்தை வைத்துத்தான் முடிவு செய்வாள். எங்கள் தெருவில் பல பெண்களுக்கு இந்த வித்தை தெரியும். யாரும் இதைத் திறமை என்று சொன்னதில்லை.

சென்ற ஆண்டு, என் நாற்பத்திரண்டாம் வயதில், திருவள்ளூரில் என் வீட்டில் முதன்முதலாக சிங்கிள் மால்ட் விஸ்கி குடித்தேன். தோழி கொண்டுவந்தது. பெங்களூரில் வடித்தது. “உடனே குடிக்காதடி, மொதல்ல மோந்து பாரு” என்றாள். டிங்சர் அயோடின் வாசம் வந்தது. அதன் பின்னால் பழவேற்காட்டு மணலில் காயும் கருவாடு. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டி. பயப்படாமல் ஒரு சாராயத்தை மோந்து பார்த்தது அன்றுதான்.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்தது. சதுப்பு நிலத்தில் செடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கி உண்டான பீட் என்னும் மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்தினால், புகையிலுள்ள ஃபீனால்கள் தானியத்தில் ஏறும். மருந்து வாசம் அதனால் வருகிறது. ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் இருந்த ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதால் உலர்பழ இனிப்பு சேர்கிறது. நம் ஊரில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பல, சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயத்தில் செய்தது. பெங்களூரின் அம்ருத் ஆலை 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் விற்பனைக்குக் கொண்டுபோனது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு.

அதே கிளாஸ்கோவில் படித்த பெஸ்ஸி வில்லியம்சன், 1934இல் ஐலா தீவின் லஃப்ராய்க் ஆலைக்குத் தற்காலிகச் சுருக்கெழுத்தாளராகப் போனார். கோடைக்கால வேலைதான். ஆலையிலேயே தங்கித் தொழிலைக் கற்றுக்கொண்டார். உரிமையாளர் இயன் ஹண்டர் நோயில் விழுந்தபின் பொறுப்புகள் இவர் கைக்கு வந்தன. 1954இல் ஹண்டர் இறந்தபோது ஆலையை இவருக்கே எழுதிவைத்திருந்தார். பீட் புகை வாசத்துக்குப் பேர்போன அந்த ஆலையை 1972 வரை நடத்தினார் பெஸ்ஸி. தட்டச்சு மேசையிலிருந்து பீப்பாய்க் கிடங்குக்குப் போக ஒரு பெண்ணுக்கு அங்கே ஒரு வாசலாவது திறந்தது.

நம் வரலாற்றில் அந்த வாசல் எங்கே? சங்க காலத்தில் ஔவை அதியமானோடு கள் உண்டாள். அவன் இறந்தபின் அந்தக் கள்ளை நினைத்தே அழுது பாடினாள். புறநானூறு அதை மறைக்கவில்லை. பின்னால் வந்த நாம்தான் அவளுக்குக் கையில் கோலும் வாயில் நீதியும் கொடுத்துப் பாட்டியாக்கினோம். 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடைகளின் முன் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியல் செய்தார்கள். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971இல் மதுவிலக்கு விலக்கப்பட்டது, மூன்றாண்டில் திரும்ப வந்தது. 2003இல் சில்லறைக் கடைகளையே அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. இந்தக் கதை முழுவதிலும் பெண்ணுக்கு இரண்டு வேடங்கள்தான்: மறியல் செய்பவள், இல்லாவிட்டால் அழுபவள். மூன்றாவதாக ஒருத்தி குடித்தால் அவள் கெட்டவள்.

மறியல் செய்தவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் சம்பளம் எங்கே போனது என்று பார்த்து வளர்ந்தவள் நான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெண்களும் அதில் உண்டு. மெத்தனாலை மோந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. அம்மாவின் மூக்குகூட அங்கே உதவியிருக்காது. ஆனால் குடியின் கேட்டைச் சுமந்தவளுக்கு, எது நல்லது, எது ருசி என்று சொல்லும் உரிமை மட்டும் ஏன் இல்லை? ஆண் மோந்து பார்த்தால் ரசனை. அதே வேலையை அம்மா இருபது வருஷம் செய்தாள், அதற்குப் பெயரே இல்லை.

அன்றிரவு கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கிளாஸை நீட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வாங்கி, வெகுநேரம் மோந்தாள்.

“இது உங்கப்பா குடிச்சது இல்ல. புள்ள பெத்தவளுக்கு சாம்பிராணி போட்ட வீடு மாதிரி இருக்கு.”

கிளாஸைத் திருப்பித் தரும்முன் இன்னொரு முறை மோந்து பார்த்தாள்.