வெள்ளைக் கொக்கும் சிவகாசிப் பாடகரும்

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, ஆங்கிலப் பாடகி வெஸ்டா டில்லி போர்வீரர் வேடம் புனைந்து பாடிப் படைக்கு ஆள் திரட்டினார். பிரிட்டனில் அரசுக்குத் துணைநின்ற மேடைப் பாட்டு, தமிழகத்தில் அதே அரசுக்கு அச்சமூட்டியது. நாடகங்களைத் தடைசெய்ய 1876ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆயினும் சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ், புராண நாடகத்தினூடே வெள்ளைக் கொக்கைப் பாடினார். கொக்கு எவரென்பதை அவையோர் அறிந்தனர், காவலரும் அறிந்தனர். பலமுறை சிறை சென்றார்.

முடிதிருத்தும் குலத்தவரென்று அவருடன் நடிக்க மறுத்தோரும் உண்டு, கே. பி. ஜானகி அம்மாள் துணிந்து இணைந்து நடித்தார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில், மயில்மீதமர்ந்த முருகனாகப் பாடுகையிலேயே தாஸின் உயிர் பிரிந்தது. அடிமைத்தளை, சாதித்தளை இரண்டையும் எதிர்த்து ஒலித்த குரல் அது.