வீரமும் விருதும்: மட்டக்களப்பை முன்வைத்து ஒரு நோக்கு

வீரத்தைப் போற்றுதல் தமிழர்க்குப் புதியதன்று. களத்தில் வீழ்ந்தோனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தற்காலத்திலோ கல்லின் இடத்தைப் பதக்கம் பெற்றுள்ளது. அதனை வழங்குவது அரசு. ஆகவே விருதுகளின் வரலாற்றை ஆராய்வோர் வீரச்செயலை மட்டுமன்றி, அதனை எவரிடத்துக் காண அரசு இசைந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். மட்டக்களப்போடு தொடர்புடைய இரு நிகழ்ச்சிகள் இதனை நன்கு விளக்குவன.

1887இல் இலங்கையிற் பிறந்த பேசில் ஆதர் ஹோர்ஸ்போல், மட்டக்களப்பிற் பொதுவேலைத் திணைக்களத்தின் நிதிப் பிரிவிற் பணியாற்றியவர். முதலாம் உலகப் போரின்போது, 1916இல் இங்கிலாந்து சென்று கிழக்கு லங்காஷயர் படைப்பிரிவில் அதிகாரியானார். 1918 மார்ச் 27ஆந் திகதி பிரான்சிலே தலையிற் காயமுற்றார். எனினும், தம் கம்பனியின் ஏனைய அதிகாரிகள் மூவரும் மாண்டமையாற் சிகிச்சைக்குச் செல்ல மறுத்து, இழந்த நிலைகளை எதிர்த்தாக்கி மீட்டார். பின்வாங்குமாறு கட்டளை வந்தபோது இறுதியாக வெளியேறி, வழியில் உயிர்துறந்தார். அவருக்கு விக்ரோறியாச் சிலுவை அளிக்கப்பட்டது.

1856இல் நிறுவப்பட்ட அவ்விருது பதவி வேறுபாடு பாராதது எனப் போற்றப்பெற்றது. ஆயினும் இந்தியப் படையின் இந்திய வீரர் 1911 வரை அதனைப் பெறுந் தகுதியற்றோராயிருந்தனர். அதற்கு முன் அவர்களிடையே வீரர் இலர் எனக் கூறுவார் எவருமிலர். மாறியது விதியேயன்றி வீரமன்று. அவ்வாறே, நகரங்கள் வான்குண்டுக்கு இலக்கான 1940இலேயே, குடிமக்களின் துணிவை உயர்படியில் வைத்து மதிக்கும் ஜோர்ஜ் சிலுவை தோன்றியது. இலங்கையிலும் படையினர்க்குரிய பரம வீர விபூஷணய 1981இல் ஏற்படுத்தப்பட்டது. தேசிய கௌரவங்கள் 1986இல் வகுக்கப்பட்டன. துணிவுச் செயலுக்குரிய வீர பிரதாப அவற்றைச் சார்ந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்கு வந்த தற்கொலைக் குண்டுதாரியை, ஐயுற்று வாயிலிலே தடுத்தார் ஒரு குடும்பத் தலைவர். குண்டு உள்ளே வெடித்திருப்பின் இழப்பு மேலும் பெருகியிருக்கும். சிறுவர் உட்பட அன்று மாண்ட பலருள் அவரும் ஒருவர். ஹோர்ஸ்போலிடம் ஆயுதமும் அதிகாரமும் இருந்தன, இவரிடம் இரண்டுமில்லை. தம் பின்னே நின்றோரைக் காத்தமையோ இருவர்க்கும் பொதுவானது.

போர்க்களத்துத் துணிவை அளந்து பதிவுசெய்ய அரசுகள் நெடுங்காலம் பழகியுள்ளன. சீருடையற்ற குடிமகனின் துணிவையும் அதே கவனத்தோடு ஏட்டில் நிறுத்துதல் அரசின் கடன் மட்டுமன்று. வரலாறு பயில்வோரின் கடனுமாகும்.