சாவுக் கணக்கு பேசிற்று!

காலரா வந்தது, ஊர் ஊராகப் பிணம் விழுந்தது. பரிகாரம் யாது என்று ஆள்வோர் யோசித்தனர். மன்னன் பேரால் ஆணை பிறந்தது: நாடு முழுவதும் ஒரு நாள் உபவாசம் இருக்க வேண்டும், செய்த பாவத்துக்கு வருந்த வேண்டும், ஆண்டவனிடம் மன்றாட வேண்டும்!

எந்த நாட்டில் என்று கேட்கிறீர்களா? வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றிய நம் பட்டிக்காட்டில் அன்று. நீராவி இயந்திரத்தைக் கண்ட இங்கிலாந்திலே, 1832 மார்ச் 21-ஆம் நாள் நடந்தது இது. மடமைக்கு நிறம் ஏது, நாடு ஏது!

21 ஆண்டுகள் கழிந்தன. 1853-இல் மீண்டும் காலரா. உபவாச நாள் குறிக்கப்படுமா என்று எடின்பரோ நகரத்துக் குருமார் கேட்டனர். உள்நாட்டு மந்திரி பாமர்ஸ்டன் மறுத்துவிட்டார். ஏழைகள் வாழும் தெருக்களின் அழுக்கை முதலில் அகற்றுங்கள். அதைச் செய்யாமல் செய்யும் பிரார்த்தனை பயன் தராது என்ற கருத்துப்பட விடை அனுப்பினார்.

இந்த மாறுதலுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, சாவை எண்ணத் தொடங்கியது. எண்ணியவர், ஓர் ஏழை உழைப்பாளியின் மகன். பெயர், வில்லியம் ஃபார்.

ஏழை வீட்டுப் பிள்ளை

1807-இல் ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த கென்லி என்னும் சிற்றூரில் பிறந்தார் ஃபார். ஜோசப் ப்ரைஸ் என்ற செல்வர் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு ஆதரித்தார். 1828-இல் மறைந்தபோது அவனுக்கென 500 பவுன் விட்டுச் சென்றார். அந்தப் பணம் இளைஞரைப் பாரிஸ் நகருக்கு அனுப்பியது. அங்கே அந்நாளில் லூயி என்ற மருத்துவர், நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, இரத்தம் வடிக்கும் சிகிச்சை உண்மையில் பயன் தருகிறதா என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். பழைய ஏடு சொல்வது இருக்கட்டும், பிழைத்தவர் எத்தனை பேர் என்று கேட்கும் புதிய மருத்துவம் அது.

1837 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பும் இறப்பும் திருமணமும் அரசாங்கப் பதிவுக்கு வந்தன. அதுவரை குருமார் கையில்தான் ஏடு இருந்தது. அதிலே ஞானஸ்நானம் இருக்கும், அடக்கம் இருக்கும். எதனால் இறந்தான் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை இராது. இறப்பவன் ஆத்மா எங்கே போகிறது என்பதில் அவர்களுக்கிருந்த அக்கறை, அவன் உடல் ஏன் வீழ்ந்தது என்பதில் இல்லை. புதிய பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுக்கும் பணிக்கு அமர்ந்தார் ஃபார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்த நாற்காலியை விட்டு அகலவில்லை.

பட்டினி என்று எழுதிய பேனா

முதல் அறிக்கையிலேயே மூண்டது போர். 1837-ஆம் ஆண்டின் பிற்பாதியில் பட்டினியால் மாண்டவர் 63 பேர் என்று ஃபார் எழுதினார். ஏழைச் சட்டக் கமிஷனின் செயலாளர் சாட்விக் சீறினார். ஏழைகளுக்கு நிவாரணம் தரவே சட்டம் இருக்கும்போது பட்டினிச் சாவு எப்படி வரும் என்பது அவர் வாதம்.

ஃபார் பின்வாங்கவில்லை. 63 என்பது கண்ணுக்குத் தெரிந்த கணக்கே என்றார். பசி பெரும்பாலும் நேரே கொல்வதில்லை. உடலை வாட்டி, நோயிடம் ஒப்படைக்கிறது. ஆகவே பசியின் பலிகள் நோயின் பெயரில் மறைந்து கிடக்கின்றன என்று விளக்கினார். ஆட்சியாளர் மறைக்க விரும்பும் சொல்லை, அரசாங்கத் தாளிலேயே, அரசாங்க ஊழியர் ஒருவர் எழுதி வைத்தார்!

1843-இல் வெளியிட்ட வாழ்நாள் அட்டவணை அதைவிடக் கூரிய ஈட்டி. சர்ரே நாட்டுப்புறத்தில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 45 ஆண்டு, லண்டனில் 37, லிவர்ப்பூல் நகரில் 26. ஒரே மன்னராட்சி, ஒரே மதம், ஒரே ஆண்டவன்! பின், ஆயுளில் மட்டும் ஏன் இந்த 19 ஆண்டு வேறுபாடு? தலையெழுத்தா? தலையெழுத்து எழுதுபவன் சர்ரேக்கு ஒரு பேனாவும் லிவர்ப்பூலுக்கு ஒரு பேனாவும் வைத்திருந்தானா? நெருக்கடிச் சந்தும் நிலவறைக் குடியிருப்பும் சாக்கடையும் சேர்ந்து எழுதிய எழுத்து அது. மனிதன் எழுதியதை மனிதன் அழிக்கலாம் என்று அந்த அட்டவணை உரைத்தது.

தன் விதியைத் தானே கைவிட்டவர்

1848-49 காலராவில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 53,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். லண்டனில் மட்டும் 14,000-க்கு மேல். அந்தச் சாவுகளை எல்லாம் வட்டாரவாரியாகப் பிரித்த ஃபார், ஓர் ஒழுங்கைக் கண்டார். தேம்ஸ் ஆற்றையொட்டிய தாழ்ந்த நிலத்தில் 10,000 பேருக்குச் சுமார் 100 சாவு. நிலம் உயர உயரச் சாவு குறைந்தது. மிக உயர்ந்த மேட்டில் 10-க்கும் கீழ். ஆற்றங்கரை அழுகலிலிருந்து எழும் நச்சுக்காற்றே காலராவுக்குக் காரணம் என்ற அக்கால மருத்துவக் கொள்கைக்கு அது அழகாகப் பொருந்தியது. 1852-இல் அதை ஒரு விதியாகவே வெளியிட்டார்.

கணக்கு சரி. காரணம் தவறு! தாழ்ந்த நிலத்தார் குடித்தது சாக்கடை கலந்த ஆற்று நீர் என்பதே உண்மைக் காரணம்.

அதைச் சொன்னவர் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். தம் கொள்கைக்கு எதிரானவர் என்று ஃபார் கதவை அடைத்தாரா? இல்லை. இறந்தோர் முகவரிகளைக் கொடுத்து உதவினார். 1854-இல் ஸ்னோ வீடு வீடாகச் சென்று, எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்று விசாரித்தார். முதல் ஏழு வாரக் கணக்கு: லண்டன் நகருக்குள்ளேயே ஆற்று நீரை எடுத்த கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 315 சாவு, நகருக்கு மேலே தூய நீர் எடுத்த கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 37. ஆயினும் மருத்துவ உலகம் நம்பவில்லை. ஃபார் கூட முழுதும் ஒப்பவில்லை. 1858-இல் ஸ்னோ மறைந்தார்.

1866-இல் கிழக்கு லண்டனில் காலரா பாய்ந்தது. பதிவேட்டைப் புரட்டினார் ஃபார். சாவுகள் ஒரே கம்பெனியின் குழாய் வழியே சென்றிருக்கக் கண்டார். வடிகட்டாத தண்ணீர் ஒரு துளியும் வழங்கவில்லை என்று கம்பெனியின் பொறியாளர் பத்திரிகையில் மறுத்தார். ஆனால் குடிமக்களின் குழாய்களிலே விலாங்கு மீன் கிடந்தது! மூடப்படாத குளத்திலிருந்து, மாசுபட்ட லீ ஆற்றின் கசிவு கலந்த நீர் வந்தது விசாரணையில் வெளிப்பட்டது.

தம் பெயரால் விளங்கிய விதியை மானப் பிரச்சினையாக்கிக் கொள்ளவில்லை ஃபார். காலராவுக்குத் தண்ணீரே வழி என்று அறிக்கை எழுதினார். காற்றை விற்கும் கம்பெனி இல்லை, அதனால்தான் பழி சுமக்கக் காற்று எளிதாக அகப்பட்டது என்று குத்தலும் சேர்த்தார். இங்கிலாந்தைத் தாக்கிய கடைசிப் பெருங்காலரா அதுதான்.

பிறப்பு வென்ற இடம்

இத்தனை செய்தவருக்குக் கிடைத்தது என்ன? 1879-இல் பதிவுத் துறைத் தலைவர் பதவி காலியாயிற்று. தகுதி பார்த்தால் ஃபாருக்கு இணை எவரும் இலர். பதவியோ ஹென்னிகர் என்ற பட்டத்துச் சீமானுக்குப் போயிற்று. ஃபார் விலகினார், 1883-இல் மறைந்தார். குலத்தைப் பார்த்து நாற்காலி போடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்! அடுத்த ஆண்டு, 1884-இல், கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். நுண்ணோக்கி காட்டிய எதிரியின் வழித்தடத்தை ஏடு முன்பே காட்டியிருந்தது.

தோழர்களே! பகுத்தறிவு என்பது பிறர் நம்பிக்கையைக் கேள்வி கேட்பது மட்டுமன்று. நாமே கண்ட முடிவையும் சான்று வந்து தட்டும்போது திறந்து பார்ப்பது. வேதத்தைத் திருத்த வைதிகனுக்கு உரிமை இல்லை. தன் விதியைத் திருத்த அறிவியலாளனுக்குக் கடமையே உண்டு. 

இன்றும் இந்த வேலை முடியவில்லை. 2020-இல் இந்தியாவில் பதிவான மரணங்களுள், மருத்துவச் சான்றோடு காரணம் குறிக்கப்பட்டவை நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மற்றவர் எதனால் மாண்டனர்? "விதி முடிந்தது" என்று ஊர் சொல்லும். அந்தச் சொல்லோடு நாம் எழுந்து போய்விட்டால், அடுத்த பிணமும் அதே வீதியில் விழும். ஏழையின் சாவு, ஏட்டில் ஏறட்டும், காரணத்தோடு ஏறட்டும். எழுதப்பட்ட சாவே, வாழ்வோருக்காக வாதாடும்!