குடல்வால் அழற்சியும் அறுவை மருத்துவத்தின் அரிச்சுவடியும்

பொது அறுவை மருத்துவத்தை அறுவைக் கூடத்தில் தொடங்கிக் கற்பிப்பது தலைகீழான முறை என்பதே இக்கட்டுரையின் வாதம். நோய் உடலுக்குள் எப்படி நகர்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் கத்தி எடுக்கவேண்டிய வேளை தெரியும். குடல்வால் அழற்சியின் வரலாறே இதற்குச் சான்று.

1735-இல் லண்டனில் கிளாடியஸ் அம்யாண்ட், ஒரு சிறுவனின் குடலிறக்கத்துக்குள் சிக்கியிருந்த குடல்வாலை அகற்றினார், சிறுவன் பிழைத்தான். ஆயினும் அதற்குப்பின் ஒன்றரை நூற்றாண்டு, வலது அடிவயிற்றில் சீழ்பிடித்து மக்கள் மாண்டுகொண்டே இருந்தனர். மயக்கமருந்து இல்லாதது ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் மயக்கமருந்து 1846-இலும் லிஸ்டரின் கிருமிநீக்க முறை 1867-இலும் வந்தபிறகும் நிலைமை உடனே மாறவில்லை. குற்றவாளி பெருங்குடலின் தொடக்கப் பை என்றே பலரும் நம்பியிருந்தனர். 1886-இல் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ், பிணக்கூறாய்வுச் சான்றுகளைக் கோத்து, நோய் குடல்வாலில் தொடங்குகிறது என்று நிறுவினார். அவர் அறுவை நிபுணர் அல்லர், நோய்க்கூறியல் அறிஞர். அகற்றும் கை முன்பே இருந்தது. எதை, எப்போது அகற்றுவது என்ற அறிவு அவரிடமிருந்து வந்தது.

அந்த அறிவு இன்றும் நோயாளியின் வாய்மொழியில் தொடங்குகிறது. “எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டு நிறுத்தும் மாணவர் பாதியைத்தான் பெறுகிறார். “முதல்ல எங்க ஆரம்பிச்சுது?” என்பதே முக்கியமான கேள்வி. குடல்வால் கருவின் நடுக்குடலிலிருந்து உருவாவது. அதன் வலியுணர்வு தண்டுவடத்தின் பத்தாம் மார்புக் கண்டத்தைச் சேர்கிறது. தொப்புளைச் சுற்றிய தோலின் உணர்வும் அங்கேதான் சேர்கிறது. அதனால் முதல் வலி தொப்புளைச் சுற்றி, இடம் சுட்டமுடியாமல் எழும். அழற்சி வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்டதும் வலி வலப்புறம் இறங்கி ஒரே இடத்தில் நிலைகொள்ளும். முதலாண்டில் மனப்பாடம் செய்த கருவியல் இங்கே உயிர்பெறுகிறது. குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னே ஒளிந்திருந்தால் முன்வயிறு மெத்தென்று இருக்கலாம். வலது தொடையைப் பின்னோக்கி நீட்டும்போது வலி வெளிப்படும்.

கையால் சோதிக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. கட்டிலருகே உட்கார்ந்து, கையைச் சூடாக்கிக்கொண்டு, வலிக்காத இடப்பக்கத்தில் தொடங்கவேண்டும். அழுத்துவதற்கு முன் இருமச் சொன்னால் போதும். வலிக்கும் இடத்தை நோயாளியின் கையே பொத்திக் காட்டிவிடும். மாணவரின் கண் வயிற்றில் அல்ல, நோயாளியின் முகத்தில் இருக்கவேண்டும்.

சி.டி. ஸ்கேன் இவற்றையெல்லாம் தேவையற்றதாக்கிவிட்டது என்பார்கள். ஸ்கேனின் துல்லியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கு ஸ்கேன், யாரைச் சிலமணி நேரம் கழித்து மறுபடி தொட்டுப்பார்ப்பது என்ற தேர்வை ஸ்கேன் செய்வதில்லை. குடல்வால் அழற்சியைக் கணிக்க 1986-இல் அல்வராடோ வகுத்த அளவுகோலின் பத்து மதிப்பெண்ணில் ஏழு, நோயாளி சொல்வதிலும் கையிலும் வெப்பமானியிலும் கிடைத்துவிடும். மூன்றுக்குத்தான் ரத்தப் பரிசோதனை.

அண்மைய ஆய்வுகள் அடிப்படைப் பயிற்சியின் தேவையைக் கூட்டியிருக்கின்றன. 2020-இல் அமெரிக்காவில் வெளியான கோடா ஆய்வில், நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. குடல்வாலில் கல் அடைத்திருந்தவர்களில் அது 41 விழுக்காடு. மருந்து போதுமா, கத்தி வேண்டுமா என்பது இனி ஒருமுறை எடுத்து முடிக்கும் முடிவன்று. வயிறு இறுகுகிறதா, நாடி ஏறுகிறதா என்று மீளமீளப் பார்ப்பவரே அதை எடுக்கமுடியும்.

அடிப்படை என்றால் மாறாதது என்றும் பொருளில்லை. கடும் வயிற்றுவலியைக் கண்டறிவது பற்றி 1921-இல் சக்கரி கோப் எழுதிய நூல், முடிவு தெரியும்முன் மார்ஃபின் தருவதை எச்சரித்தது. வலி தணித்தாலும் கண்டறிதல் கெடாது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. வலியால் துடிப்பவரைக் காக்கவைக்கும் பழக்கம் இன்றும் எங்கேனும் தொடர்ந்தால் அது கொடுமை.

எனவே ஒரு முன்மொழிவு. அறுவைப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் கடும் வயிற்றுவலியோடு வரும் ஒருவரை அவசரப் பிரிவிலிருந்து வார்டு, அறுவைக் கூடம், நோய்க்கூறியல் அறிக்கை, தையல் பிரிக்கும் நாள் வரை தொடரட்டும். ஒவ்வொரு முறை வயிற்றைத் தொட்டபோதும் கண்டதை நேரத்துடன் எழுதட்டும். திசு அறிக்கை வந்ததும் ஆசிரியர் அந்தக் குறிப்புகளோடு அதை ஒப்பிட்டு மதிப்பெண் இடவேண்டும். அறுவையே தேவைப்படாமல் வீடு திரும்பியவரின் குறிப்புகளுக்கும் அதே எடை தரவேண்டும்.