வடசென்னைக் கடற்கரையும் பொறியாளர் பொறுப்பும்

பொறியியல் தொழிலில் ஒருவர் தவறிழைத்தால் அவரை எந்த விதியின்கீழ் யார் விசாரிப்பது என்ற கேள்விக்கு, இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியின் வரலாறு இரண்டு வேறுபட்ட விடைகளைத் தருகிறது. நீராவி இயந்திரத்தின் அருகில் நின்று அதை இயக்கியவரிடமும் கப்பலை நடத்தி வந்தவரிடமும் சட்டம் வெகு முன்னரே சான்றிதழ் கேட்டது. துறைமுகத்தையே வரைந்து கட்டியவரிடம் அப்படி எதையும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.

அடைத்த கலத்தில் நீரைக் கொதிக்கவைத்து அழுத்தம் மிகுந்த நீராவியை எடுக்கும் சாதனமே கொதிகலன். பாய்லர் என்பதே ஆலைகளில் வழங்கும் பெயர். 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டதையடுத்து, மறு ஆண்டே வங்காளத்தில் ஆய்வுச் சட்டம் வந்தது. மாகாணங்கள் தத்தம் போக்கில் விதிகள் வகுத்துக்கொண்டதால் விளைந்த குழப்பத்தை 1920இல் அமைந்த குழு எடுத்துக்காட்ட, 1923இல் இந்தியா முழுமைக்கும் பொதுவான கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. 2025 வரை நடப்பிலிருந்த அச்சட்டத்தின்படி ஒவ்வொரு பாய்லரும் பதிவெண் பெற்று அதைத் தன் உடலில் அழியாதபடி பொறித்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு வழங்கப்பட்ட சான்று ஓராண்டுக்கு மேல் செல்லாததாக இருந்தது. விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டியிருந்தது. ஆய்வு நாளில் நெருப்பை அணைத்து, நீரை வடித்து, ஆள்நுழை துளையைத் திறந்துவைப்பார்கள். ஆய்வாளர் உள்ளே இறங்கி, சுத்தியலால் தகடுகளைத் தட்டி, உப்புப் படிவையும் அரிப்பையும் பார்த்த பின்னரே அனுமதிக்கப்படும் அழுத்தம் எழுதப்படும். அழுத்தமானியில் அந்த அளவு சிவப்புக் கோடாகக் குறிக்கப்படும். அதைத் தாண்டி இயக்குவது குற்றமாக இருந்தது. இயக்குபவரும் தேர்வெழுதி முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதும், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் அச்சான்றிதழ் பறிபோகும் என்பதும் விதியாக இருந்தது. 1970இல் மின்னுற்பத்தி தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் உட்பட இப்பகுதியின் பெரிய ஆலைகள் பலவும் இந்த ஒழுங்கின்கீழ் இயங்கியவையே.

கப்பல் தொழிலிலும் நடைமுறை இதுவே. கப்பல் தலைவரின் சான்றிதழையும் கப்பல் பொறியாளரின் சான்றிதழையும் விசாரணைக்குப் பின் நிறுத்திவைக்கவோ ரத்துசெய்யவோ 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் வழி செய்தது. துறைமுக வழிகாட்டியான பைலட் கப்பலில் ஏறியிருந்தாலும் சேதத்துக்கான பொறுப்பு உரிமையாளரையும் தலைவரையும் விட்டு நீங்காது என 1908ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டம் விதித்திருந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடை ஆட்கள் வாளிகளால் அள்ள நேர்ந்தபோது, யாரை விசாரிப்பது என்பதில் சட்டத்துக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை.

துறைமுகத்தைக் கட்டியவர்களின் கதை வேறு. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளில் சரக்கை இறக்கிவந்த சென்னைக்கு, வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, கிழக்கு நோக்கிய வாயிலுடன் ஒரு துறைமுகம் வரைந்தார். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது; வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று வீசிய புயல் சுமார் அரை மைல் நீளச் சுவரைச் சிதைத்து, டைட்டன் எனப்பட்ட இரண்டு பெரும் பாரந்தூக்கிகளையும் கவிழ்த்தது. மூத்த பொறியாளர்களின் கருத்துகள் கேட்கப்பட்டன. ஆனால் விவாதம் பெரும்பாலும் சுவர் நிற்குமா, வாயில் மணலால் தூர்ந்துபோகுமா என்பவற்றையே சுற்றி வந்தது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் திறந்ததும் துறைமுகத்தின் நலன் கருதியே.

சோழமண்டலக் கரையோரம் அலைகள் மணலை ஆண்டில் பல மாதம் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் தள்ளுகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. சுவர் அதை மறித்ததும் தெற்கில் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. மெரினாவின் பெருமையை ஆளுநர் கிராண்ட் டஃபின் பெயரில் எழுதும் நூல்கள், அந்த மணலில் இராயபுரத்தின் பங்கும் இருக்கிறது என்பதை எழுத மறந்துவிடுகின்றன. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. பின்னர் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்குவியல்கள், மீனவர் வழக்கில் தூண்டில் வளைவுகள், போடப்பட்டன. அவையும் மணலை மறிப்பவையே என்பதால், ஒரு குப்பத்தைக் காத்தது அடுத்த குப்பத்துக்குக் கேடாகும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

இத்தகைய விளைவுக்கு வடிவமைப்பாளர் யாரிடம் பதில் சொல்ல வேண்டும்? பொறியாளர்களின் தொழிற்கழகமான இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920 செப்டம்பரில் சென்னையில்தான் பதிவுசெய்யப்பட்டது. 1935இல் அரச சாசனம் பெற்றது. அதற்கு ஒழுக்க நெறிகள் உண்டு, ஆயினும் அதன் அதிகாரம் உறுப்பினர்களோடு நின்றுவிடுகிறது. நீக்கப்பட்டவர் தொழில் செய்வதை அதனால் தடுக்க முடியாது. கணக்காயர்களுக்கு 1949இலும் வழக்கறிஞர்களுக்கு 1961இலும் கட்டடக் கலைஞர்களுக்கு 1972இலும் நாடு தழுவிய சட்டங்கள் வந்தன. பொறியாளர்களுக்கென ஒரு சட்டம் வேண்டும் என்று பலமுறை பேசப்பட்டும் அது நிறைவேறவில்லை. அரசுப் பணியில் இருந்த பொறியாளர்களைத் துறை விதிகள் கட்டுப்படுத்தின என்பது உண்மைதான். அவ்விதிகள் மேலதிகாரிக்கும் கருவூலத்துக்கும் ஆற்ற வேண்டிய கடமையைத் தெளிவாகச் சொன்ன அளவுக்கு, சுவருக்கு வெளியே வலை உலர்த்தியவர்களுக்கு ஆற்ற வேண்டிய கடமையைச் சொல்லவில்லை.

மாநிலம் 2019இல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஓரளவு இந்த இடைவெளியை நிரப்புகின்றன. இராயபுரத்தில் உயரமான அடுக்குமாடி கட்ட நினைப்பவர் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் கையொப்பத்தைப் பெற்றாக வேண்டும். தவறிழைக்கும் பொறியாளரின் பதிவை ரத்துசெய்யலாம். அவ்விதிகளின் எல்லை கட்டடங்களே. அந்த அடுக்குமாடிக்கு எதிரே கடலில் கல் கொட்டுவதற்கான வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளரை அவை தொடுவதில்லை.