கொந்தோத்தியேரே: ஒப்பந்தத்தில் பிறந்த படைத்தலைவன்

இத்தாலியின் 14, 15ஆம் நூற்றாண்டுப் போர்களைப் படிப்பவர்கள் 'கொந்தோத்தியேரே' என்ற சொல்லைக் கடக்காமல் போக முடியாது. தமிழில் இதைக் 'கூலிப்படைத் தலைவன்' என்கிறோம். பொருள் பிழையில்லை. ஆனால் கூலிக்குப் போர் செய்தவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. இந்தச் சொல் குறிப்பது, கூலியையும் கடமையையும் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்ட தலைவனை.

இதன் வேர் லத்தீனின் 'கொந்தூக்கெரே'. 'கொன்' என்றால் சேர்த்து. 'தூக்கெரே' என்றால் நடத்துதல். கூட்டிச் செல்லுதல் என்ற முதற்பொருளோடு, வாடகைக்குப் பிடித்தல், ஆளை அமர்த்துதல் என்ற பொருள்களும் ரோமர் காலத்திலேயே இதற்கு இருந்தன. அந்த இரண்டாம் கிளையில் தழைத்த இத்தாலியச் சொல்தான் 'கொந்தோத்தா', அதாவது பணியமர்த்தும் ஒப்பந்தம். அதைச் செய்துகொண்டு படை திரட்டி வந்தவர் கொந்தோத்தியேரே. ஊராட்சி சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட மருத்துவரையும் இத்தாலியர் இதே வேரிலிருந்து 'மேதிகோ கொந்தோத்தோ' என்றே அழைத்தனர். 20ஆம் நூற்றாண்டிலும் அந்தப் பதவி இருந்தது.

படைக்கான கொந்தோத்தாவில் எத்தனை 'லான்ச்சா', எத்தனை மாதம், முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். லான்ச்சா என்றால் ஈட்டி. கணக்கில் அது மூன்று பேர் கொண்ட குதிரைப்படை அலகு: கவசம் பூண்ட வீரன், அவனுடைய துணைவீரன், ஏவல் பையன். அந்தப் பையனுக்குப் பெயர் 'ரகாத்சோ'. இன்றைய இத்தாலியனில் எந்தப் பையனும் ரகாத்சோதான். உறுதியான பணிக்காலத்துக்கு 'ஃபெர்மா' என்று பெயர். அது முடிந்ததும் அமர்த்தியவர் விரும்பினால் நீட்டித்துக்கொள்ளும் காலம் தனி. அதிகாரிகள் வந்து குதிரைகளின் நிறத்தையும் அடையாளத்தையும் குறித்துக்கொள்வார்கள். கணக்கில் குறைந்தால் அபராதம்.

இந்தத் தொழிலின் பிற சொற்களும் பணத்தையும் சோற்றையும் சுற்றியே வருகின்றன. 'சொலிதுஸ்' என்ற ரோமானியப் பொற்காசு 'சொல்தோ' ஆயிற்று. சொல்தோ வாங்கியவன் 'சொல்தாத்தோ', படைவீரன். படைக்கூட்டத்துக்குப் பெயர் 'கொம்பஞ்ஞீயா'. ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்கள் என்பது அதன் மூலப்பொருள். இதன் உடன்பிறப்பான ஆங்கிலச் சொல்தான் தமிழில் கும்பினி என்றும் கம்பெனி என்றும் வழங்குகிறது.

இந்தச் சொற்களெல்லாம் ஒருவர் வாழ்க்கையில் கூடியிருப்பதைப் பார்க்க வேண்டுமானால், ரொமாஞ்ஞா வட்டாரத்தின் கூனியோ பிரபு ஆல்பெரிகோ தா பார்பியானோவைப் பார்க்க வேண்டும். சின்னஞ்சிறு கோட்டைகளின் பிரபுக்களுக்கு நிலவருவாய் போதாது; ஆனால் வாளெடுக்கும் ஆட்கள் உண்டு. வணிகத்தில் செழித்த நகரங்களிடம் பணம் உண்டு. இரண்டையும் இணைத்தது கொந்தோத்தா.

ஆல்பெரிகோ தலையெடுக்கும்வரை இத்தாலிய நகரங்கள் அமர்த்தியவர்களில் பலர் ஜெர்மானியர், பிரெத்தானியர் (பிரான்சின் பிரிட்டனிப் பகுதியினர்), ஆங்கிலேயர். 1377இல் செசேனா நகரில் கர்தினால் ஜெனீவா ராபர்ட்டின் பிரெத்தானியக் கூலிப்படையும் ஆங்கிலேயரான ஜான் ஹாக்வுட்டின் ஆட்களும் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்று குவித்தனர். மறு ஆண்டே அந்த ராபர்ட் ஏழாம் கிளெமெண்ட் என்ற பெயரில் எதிர்ப் போப்பாண்டவரானார். ஆல்பெரிகோ இத்தாலியர்களைக் கொண்டு 'புனித ஜார்ஜ் படை'யைத் திரட்டினார். 1379இல் ரோமுக்கு அருகே மரீனோவில், போப்பாண்டவர் ஆறாம் உர்பானுக்காக, கிளெமெண்டின் பிரெத்தானியப் படையை முறியடித்தார். அந்நியரிடமிருந்து இத்தாலி விடுபட்டது என்று அந்த வெற்றி கொண்டாடப்பட்டது.

ஆனால் ஒப்பந்தத்துக்குத் தாய்நாடு கிடையாது. அடுத்து ஆல்பெரிகோ, துராத்சோவின் சார்லஸ் 1381இல் நேப்பிள்ஸைக் கைப்பற்ற உதவி, அந்நாட்டின் பெருந்தளபதியானார். 1392இல் சிறைப்பட்டபோது மீட்புப்பணம் கட்டியவர் மிலானின் ஜான் கலியாத்சோ விஸ்கோன்தி. பிறகு வாள் மிலானுக்குச் சுழன்றது. 1402இல் கசலேக்கியோவில் இத்தாலியரான பொலோஞ்ஞா, புளோரன்ஸ் படைகளைத்தான் அவர் தோற்கடித்தார். 1409இல் இறந்தார். பிராச்சோ தா மொந்தோனே, பின்னாளில் மிலானை ஆண்ட குலத்தின் முதல்வரான முத்சியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்சா ஆகியோர் அவரிடம் தொழில் கற்றவர்கள். மாக்கியவெல்லி தம் 'இளவரசன்' நூலில், இத்தாலியப் படைத்தொழிலுக்குப் பெயர் வாங்கித் தந்த முதல்வராக அவரைக் குறிப்பிடுகிறார். அந்த வழியில் வந்த கூலிப்படைகளே இத்தாலியைக் கெடுத்தன என்றும் அதே அத்தியாயத்தில் வாதிடுகிறார்.

காலம் போகப் போக, சொல்லின் முதற்கிளை மறுபடி மேலெழுந்தது. இன்றைய இத்தாலியனில் கொந்தோத்தியேரே என்றால் வழிநடத்தும் பெருந்தலைவன், பத்திரம் மறைந்துவிட்டது. பாசிச ஆட்சிக்காலத்தில் இத்தாலியக் கடற்படை தன் இலகு கப்பல் வரிசை ஒன்றுக்கு இந்தத் தலைவர்களின் பெயர்களை வைத்தது. 'ஆல்பெரிகோ தா பார்பியானோ' என்ற கப்பல் 1941 டிசம்பரில் துனீசியாவின் போன் முனை அருகே மூழ்கடிக்கப்பட்டது.

கூலியாள் என்று இகழ்வதும் விடுதலை வீரன் என்று புகழ்வதும் இவர்களைப் பாதிதான் காட்டும். தமிழில் 'ஒப்பந்தப் படைத்தலைவர்' என்று எழுதினால் சொல்லின் வரலாறும் செயலின் பொறுப்பும் ஒருசேர விளங்கும். ஏனெனில் ஒப்பந்தத்துக்கு இரண்டு தரப்பு உண்டு. வாளேந்தி வந்தவரோடு, பணம் எண்ணிக் கொடுத்த நகரத்தையும் இளவரசரையும் போப்பாண்டவரையும் வரலாறு விசாரிக்க வேண்டும். செசேனாவில் மாண்ட மக்கள் எந்த ஒப்பந்தத்திலும் ஒரு தரப்பாக இருந்ததில்லை.