முன்பணமும் குடும்பமும்: வரலாற்றுப் புனைவை வாசிப்பது குறித்து

சரித்திர நாவல் என்ற சொல்லுக்குத் தமிழில் உடனடியான ஓர் அர்த்தம் இருக்கிறது. அரசன், ஒற்றன், சபதம், சுரங்கப்பாதை, நடுவே ஒரு காதல். 1940களிலும் 50களிலும் கல்கி எழுதிய தொடர்கள் இந்த அர்த்தத்தை நிலைநிறுத்தின. இன்னொரு பக்கம் 'குடும்ப நாவல்' என்கிற ரகம்: கடன், வேலையின்மை, மாமியார், நோய், மருமகளின் கண்ணீர். நூலகங்களில் இவை இரண்டும் வேறு வேறு அடுக்கில் இருக்கும். வரலாறு அரண்மனையில் நடக்கிறது, கஷ்டம் குடும்பத்தில் நடக்கிறது என்ற எண்ணம்தான் இப்படிப் பிரித்து அடுக்க வைக்கிறது. முதல் ரகத்தின் காதலுக்காகச் சாம்ராஜ்யம் கவிழும். இரண்டாவது ரகத்தின் காதலுக்கு வாடகை பாக்கி நிற்கும். அந்த வாடகை பாக்கிக்கும் ஒரு வரலாறு உண்டு என்று யோசிக்கவிடாத வாசிப்புப் பழக்கத்தில்தான் நாம் வளர்ந்திருக்கிறோம்.

இந்த இரண்டு அடுக்கிலும் இடம் கிடைக்காத புத்தகம் ஒன்று உண்டு. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ'. 1920களில் திருநெல்வேலிச் சீமையின் மயிலோடை என்ற ஊரிலிருந்து, மேஸ்திரியின் பேச்சை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதியின் கதை. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல்தான் தமிழுக்கு வந்தது. தமிழர்கள் பட்ட பாடு தமிழில் படிக்கக் கிடைக்க 38 வருஷம் ஆகியிருக்கிறது. டேனியல் தோட்டத்து மருத்துவர்; தொழிற்சங்க வேலையிலும் இறங்கியவர். பழைய தொழிலாளர்கள் சொல்லக் கேட்டதைக் கொண்டு எழுதினார். 'சிவகாமியின் சபதம்' தொடராக வந்துகொண்டிருந்த 1940களில் இவர் ஆனைமலையில் காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு உலகங்கள்.

இந்தப் புத்தகத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசினால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "அழுதுட்டேன் தோழர், பாவம் அந்தப் பொண்ணு." அழுததில் தப்பில்லை. ஆனால் அந்த அழுகை எதைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நல்ல காதல், ஒரு பாசமான குடும்பம் முன்னால் நிற்கிறது. தோட்டமும் துரையும் காய்ச்சலும் மேடையின் பின்திரைபோல வரைந்து தொங்கவிடப்பட்டிருக்கின்றன. காதல் மனிதருடையது, கொடுமை வரலாற்றுடையது. காதலை வரலாறு வெளியிலிருந்து வந்து தாக்குகிறது. நாம் படிப்பது இப்படித்தான். தோட்ட வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் இந்தப் பிரிவினை நிற்காது. ஏனென்றால் தோட்டம் ஆள் பிடித்தபோது பிடித்ததே குடும்பத்தைத்தான்.

பிஜியை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே பெண் ஒரு விகிதம். குடும்பம் இருக்கிறதா, சிதைகிறதா என்பது கரும்புத் தோட்டத்தாருக்குக் கவலையே இல்லை. பாரதி அந்தப் பெண்களுக்காக எழுதிய பாட்டு நமக்குத் தெரியும். இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் நடந்த கங்காணி அல்லது மேஸ்திரி முறை வேறு வகை. கங்காணி சொந்த ஊருக்கே திரும்பி வருவான். பெரும்பாலும் சொந்தக்காரனாகவோ தெரிந்தவனாகவோ இருப்பான். மாமா, மச்சான் என்று முறை வைத்துப் பேசுவான். முன்பணம் கொடுப்பான். புருஷன், பொண்டாட்டி, பிள்ளை, கூடவே கிழவி என்று வீட்டோடு கிளப்பிக்கொண்டு போவான். இதில் ஒருவகை மனிதத்தன்மை இருப்பதாகத் தோட்டக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். குடும்பத்தைப் பிரிக்கவில்லை பாருங்கள் என்று.

ஏன் பிரிக்கவில்லை என்பதைக் கூலிக் கணக்கு சொல்லும். இலங்கையில் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டபோது, உயரமான மலைப்பகுதியில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. மூன்றையும் கூட்டினால் 1 ரூபாய் 29 சதம். ஆணின் கூலி அந்தத் தொகையில் பாதிகூட இல்லை. அந்தக் கூலியை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பதே அதன் பொருள். மனைவியும் பிள்ளையும் மலையேறினால்தான் உலை கொதிக்கும். போதாக்குறைக்கு, தன் ஆட்களில் அன்றைக்கு வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தனியாகக் கிடைத்தது. காய்ச்சலில் படுத்திருக்கும் மனைவி அவனுக்கு நஷ்டம். விடியற்காலையில் லயின் வாசலில் வந்து நின்று அவன் போட்ட சத்தத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இதோடு சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1859இல் வந்த ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலை செய்ய மறுத்தால் அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவும், அதற்குப் பிறகும் மறுத்தால் மூன்று மாதம்வரை கடுங்காவலில் வைக்கவும் வழிசெய்தது. கடன் வாங்கியவன் குற்றவாளியானான். 1925இல் இதை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு 1926இலிருந்து இது ஒழிந்தது. டேனியல் நாவலின் காலமும் ஏறத்தாழ அதுவே. நாவலின் மனிதர்களைக் கட்டிவைக்க அந்தச் சட்டம் தேவையே படவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. தனியாள் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக மலையிறங்கி ஓடிவிடலாம். காவல்காரனுக்குத் தப்பினால் போதும். மனைவி குளிர்காய்ச்சலில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது எப்படி ஓடுவான்? அந்தக் கம்பளியும் அவன் கடன் கணக்கில் ஏறிய கம்பளிதான். சிறை செய்த வேலையைப் பாசம் செய்தது. இதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்லாமல் இந்த நாவலைப் படிக்க முடியாது. கருப்பனும் வள்ளியும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் குறைவாக நேசித்திருந்தால் தோட்டத்துக்கு அவர்களைப் பிடித்துவைப்பது சிரமமாகியிருக்கும்.

வரலாற்று நாவல் பற்றி எழுதிய லூக்காச், பெரிய மனிதர்களை ஓரத்தில் நிறுத்திச் சாதாரண மனிதனை நடுவில் வைப்பதை ஸ்காட்டின் பலமாகக் கண்டார். காலத்தின் மோதல்கள் அந்தச் சாதாரண மனிதனின் வாழ்க்கை வழியாகத்தான் உருக்கொள்கின்றன என்றார். நம்மவர்கள் இதைப் பலமுறை மேற்கோள் காட்டிவிட்டார்கள். ஆனால் காதலும் குடும்பமும் அந்த 'வாழ்க்கை'யின் உள்ளே எங்கே இருக்கின்றன என்று அவ்வளவாகக் கேட்கவில்லை. மார்க்சியர்களுக்குக் குடும்பக் கஷ்டம் என்றால் கொஞ்சம் இளப்பம்தான். பெண்கள் பத்திரிகைச் சமாச்சாரம் என்று நினைத்துவிடுகிறோம்.

வள்ளியை எப்படி வாசிக்கிறோம் என்பதில் இது இன்னும் தெளிவாகும். தோட்டத்தில் அதிகாரம் உள்ள ஆண்களின் கண் அவள்மேல் விழுகிறது. உடனே நம் வாசக மனம் பழக்கப்பட்ட தடத்துக்குப் போய்விடுகிறது: தப்பிப்பாளா, கற்பு தப்புமா? தமிழ் வாசகனுக்குள் ஒரு சினிமாக் கொட்டகை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் தோட்டத்தில் இந்த மிரட்டல் இயங்கிய விதம் நுணுக்கமானது. எந்த மலைக்கு யாரை அனுப்புவது, யாருக்குச் சரிவான, அட்டை மொய்க்கும் பாத்தி, யாருக்குச் சமதரை, யார் பறித்த கொழுந்தை எடைபோடும்போது எவ்வளவு கழிப்பது, யார் பேரை அன்றைக்குச் செக்ரோலில் பதியாமல் விடுவது, எல்லாமே மேஸ்திரி, கணக்குப்பிள்ளை, துரை கையில் இருந்தன. பெண்ணுடல்மீதான அதிகாரம் கூலிப் புத்தகத்தின் வழியாகவே வந்தது. மறுத்தவளின் புருஷனுக்கும் சேர்த்துத்தான் அரைப்பேர் விழும். கற்பின் கதையாக இதைப் படித்தால் வள்ளி பத்தினியாகிவிடுவாள், செக்ரோல் மறைந்துவிடும்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை இங்கே பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். 1935இல் 'மணிக்கொடி'யில் வந்த கதை. அதே திருநெல்வேலிச் சீமை; சேரிப் பெண் மருதி. புருஷன் சிறைக்குப் போக, இவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே அவள் உடல் நாசமாகிறது. புதுமைப்பித்தன் அவளுக்குப் பத்தினிப் பட்டமும் தரவில்லை, கடைசியில் ஒரு பரிகாரமும் தரவில்லை. அது வரலாற்றுப் புனைவு அல்ல, எழுதப்பட்ட காலத்திலேயே நடந்துகொண்டிருந்த விஷயம். அதனால் அந்தக் கதையில் 'அந்தக் காலத்துக் கொடுமை' என்று பெருமூச்சுவிட இடமில்லை. டேனியலின் நாவலில் அந்த இடம் இருக்கிறது. துரைகள் கப்பலேறிய பிறகு எழுதப்பட்டது. வாசகனுக்கு ஒரு பாதுகாப்பான தூரம் கிடைக்கிறது. டேனியல் மருத்துவராக இருந்தது நாவலுக்குப் பலமும்கூட. காய்ச்சல், பேதி, பிரசவம், குழந்தைச் சாவு என்று வரும் இடங்களில் அவர் எழுத்தில் வெறும் இரக்கம் இல்லை, கண்ட அறிவு இருக்கிறது. அதே காரணத்தால், விடிவு என்று ஒன்று வரும்போது அதுவும் படித்த, நல்ல மருத்துவர் ஒருவரின் உருவத்தில்தான் வருகிறது. தொழிலாளர்களின் கோபம் அவருக்கு முன்னாலேயே இருந்திருக்கும். அதைக் கேட்க நாவலில் காது போதவில்லை.

2013இல் பாலா இதைத் தழுவிப் 'பரதேசி' எடுத்தார். காலத்தை 1939க்கு நகர்த்தினார். மருத்துவரை மதம் மாற்ற வந்த கோமாளியாக்கினார். தோட்டத்துக்குள் வந்த ஒரே நியாயமான மனிதரை இப்படிக் கேலிப்பொருளாக்கியதற்கு எதிர்ப்பு எழுந்தது, அது நியாயமான எதிர்ப்புதான். நான் சொல்ல வருவது வேறொரு மாற்றம் பற்றி. நாவலில் கணவனும் மனைவியும் சேர்ந்தே போகிறார்கள். படத்தில் நாயகன் மட்டும் போகிறான். கர்ப்பமான காதலி அங்கம்மா ஊரிலேயே நிற்கிறாள். சினிமாவுக்குப் பிரிவு வேண்டும், ஏக்கம் வேண்டும், சரி. பிரிவு வந்ததும் காதல் மறுபடியும் தோட்டத்துக்கு வெளியே, ஊரில், பத்திரமாக இருக்கும் ஒன்றாகிவிடுகிறது என்றுதான் படம் பார்த்துக்கொண்டிருக்கையில் தோன்றும். ஆனால் கடைசிக் காட்சியில் அங்கம்மா குழந்தையோடு அதே தோட்டத்துக்கு வந்து சேர்கிறாள். அவளையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். படம் முழுக்க நாம் எந்தச் சேர்க்கைக்காகக் காத்திருந்தோமோ அது நடக்கிறது, அவன் கதறுகிறான். காதல் கதையின் இலக்கணப்படி சுபமாக முடிய வேண்டிய இடம் அது. படத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். இந்த ஒரு காட்சியில் தோட்ட வரலாற்றைச் சரியாகப் படித்திருக்கிறார்கள். குடும்பம் முழுசாகச் சேர்ந்த அந்த நிமிஷத்தில்தான் ஆள்பிடிப்பு முழுசாக முடிகிறது.

இது 1920களோடு முடிந்த விஷயமா? 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. கங்காணிகளின் ஆட்சி போயிற்று. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டதாகவே இருந்தது. அதே நெல்லை மாவட்டத்தில் மாஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த நிலம். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் கைதான தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. ஊர்வலத்துக்குக் கைக்குழந்தையை ஏன் தூக்கி வந்தார்கள் என்று அப்போது கேட்டவர்கள் இருந்தார்கள். தோட்டத்தில் குடும்பமாகத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள், குடும்பமாகத்தான் போராட வருவார்கள்.

குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், கம்பெனி விருப்ப ஓய்வு என்று அறிவித்து வேலையை நிறுத்தியது. தொழிலாளர்களை வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று நான்கு தலைமுறை பிறந்து, கல்யாணமாகி, செத்த வீடுகள். ஒருவர் பெயரிலும் பட்டா இல்லை. கீழே சமவெளியில் 'சொந்த ஊர்' என்று சொல்லிக்கொள்ளப் பலருக்கும் எதுவும் மிச்சமில்லை. டேனியல் பழைய ஆட்களிடம் கேட்டு எழுதினாரே, அதுபோல இன்றைக்கு அங்கிருந்து இறங்கியவர்களிடம் கேட்பவர்கள் கூலி, போனஸ், வழக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே, உங்க அம்மாவை உங்க அப்பா எந்த டிவிஷனில் பார்த்தார், கல்யாணத்துக்கு யார் கடன் கொடுத்தது, பொண்ணு வந்ததும் அவள் பேரை எந்த மாசம் செக்ரோலில் ஏற்றினார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.